பிறர் நம்பி ஏறும் படி

ஹட்டனிலோ நுவரெலியாவிலோ தேயிலைத் தொழிற்சாலையொன்றைச் சுற்றிப் பார்த்தவர்க்கு அதன் ஒழுங்கு நன்கு விளங்கும். கொழுந்தை வாட்டுதல், உருட்டுதல், நொதிக்க விடுதல், உலர்த்துதல், சலித்துத் தரம் பிரித்தல் என வேலைகள் படிப்படியாக நிகழும். ஒரு படி தருவதையே அடுத்த படி ஏற்கும்.

இவற்றுள் உலர்த்தும் படியின் வரலாறு நினைக்கத்தக்கது. முன்னாளில் தேயிலையைக் கரி நெருப்பின்மேல் வைத்து உலர்த்தினர். காச்சார்த் தோட்டங்களில் பணிபுரிந்து அதன் இடர்களை நேரிற் கண்ட சாமுவேல் டேவிட்சன் என்பார், 1881இல் பெல்பாஸ்ட் நகரில் தொழிற்சாலை நிறுவி, 'சிரோக்கோ' என்னும் உலர்த்தும் பொறிகளைச் செய்தளித்தார். ஒருவர் ஆராய்ந்து அமைத்த படி இலங்கைத் தோட்டங்களுக்கும் பயன்பட்டது.

மென்பொருள் ஆக்குவோரிடத்தும் இன்று இம்முறை நிலவுகின்றது. நிரலைச் சோதித்தல், பொதியாக்குதல், வெளியிடுதல் ஆகியவற்றைத் திருத்தந்தோறும் கையாற் செய்தல் வீண் உழைப்பாகும். 'கிட்ஹப்' நிறுவனம் 2018இல் அறிவித்து, 2019 நவம்பரில் யாவர்க்கும் வழங்கிய 'ஆக்‌ஷன்ஸ்' என்னும் ஏற்பாட்டில் இவை தாமாகவே நடைபெறுகின்றன. இப்படிகளுள் ஒன்றைத் தனியே அமைத்துப் பிறர்க்கும் வழங்கலாம். அதன் பெயர், ஏற்கும் உள்ளீடு, தரும் வெளியீடு, இயங்கும் முறை ஆகியவற்றை 'ஆக்‌ஷன்.ஒய்எம்எல்' என்னும் கோப்பில் எழுதி, நிரலோடு பொதுக் களஞ்சியத்தில் வைத்து, பதிப்பெண் இட்டு வெளியிடல் வேண்டும். 'பாமினி' எழுத்துருவில் உள்ள பழைய தமிழ்க் கோப்பை யூனிகோட்டுக்கு மாற்றும் படியொன்றை ஒரு மாணவர் அமைப்பாராயின், ரொறன்ரோவில் உள்ளவரும் அதனைத் தம் பணியில் ஓரிரு வரிகளால் அழைத்துக்கொள்ளலாம்.

ஆயின், பலர்க்குப் பயன்படும் படி பழுதுபடின் தீங்கும் பலரைச் சேரும். மாறிய கோப்புகளைக் கண்டறியும் 'டிஜே-ஆக்‌ஷன்ஸ்' படியொன்றை 23,000க்கு மேற்பட்ட களஞ்சியங்கள் பயன்படுத்தி வந்தன. 2025 மார்ச்சில் தீயோர் அதனுட் புகுந்து, பழைய பதிப்பெண்களே தம் நச்சு நிரலைச் சுட்டுமாறு மாற்றிவிட்டனர். அதனை இயக்கிய சிலருடைய இரகசியச் சாவிகள் பதிவேட்டில் வெளிப்பட்டன. பெட்டியின் மேலிருந்த சீட்டு மாறவில்லை. உள்ளிருந்த தேயிலை மாறிவிட்டது.

ஆதலின், பிறர் படியைக் கொள்வோர் பதிப்பெண்ணை மட்டும் நம்பாது, அந்நிரலுக்குரிய 40 எழுத்துக் குறியையே குறிப்பிடுதல் நன்று. உள்ளே ஓரெழுத்து மாறினும் அக்குறி வேறாகிவிடும். படியை வழங்குவோர்க்கும் கடமைகள் உள. தேவைக்கு மேற்பட்ட அதிகாரத்தைக் கோரலாகாது. வெளியிட்ட பதிப்பை மறைவாக மாற்றலாகாது. தம் கணக்கை இரட்டைப் பூட்டிட்டுக் காத்தல் வேண்டும்.

மலையகத்து மாணவர்கள் இன்று கணினி பயில்கின்றனர். அவர்கள் அமைக்கும் சிறு படியையும் முகமறியாத பலர் நம்பி ஏறக்கூடும். எனவே, அதனை முதலில் தம் பணியிற் பன்முறை இயக்கிப் பார்த்து, பின்னரே பிறர்க்கு வழங்குவாராக.