பழக வேண்டியது யார்?

எங்கள் பயிற்சிக்கூடத்துக் காற்றுத்துப்பாக்கியின் மரக்கட்டையை நீக்கிப் புதிய அலுமினியக் கட்டையைப் பொருத்தியபின் என் குண்டுகள் சிதறின. "பழகிவிடும்" என்றார் தமிழரான பயிற்சியாளர். எழுவாய் மறைந்த அவ்வினைமுற்றில், பழக வேண்டியது உடலா கட்டையா என்பதும் மறைந்துபோகிறது. (மொழியியல் படித்ததன் தொல்லை.)

பத்து மீட்டர் போட்டியில் பத்துப் புள்ளிக்குரிய பொட்டின் விட்டம் 0.5 மி.மீ. சோதித்தபோது ஒரு திருகு தளர்ந்திருந்தது. கன்னத்தாங்கி எனக்கு உயரம். தோள்தாங்கியோ நெடியவர் எவருக்கோ வைத்த அளவு. கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் 2019இல் ரியோ உலகக் கோப்பையில் தங்கம் வென்றபோது மனவுறுதியையே வியந்தோம். கட்டையை உடலுக்கு இசைவிக்கும் உழைப்பை யாரும் பேசக் கேட்டிலேன்.

ஐரோலியிலிருந்து செல்லும் மாணவியர் ஐவர் ஒரே துப்பாக்கியைப் பகிர்கிறோம். அவரவர் அளவைக் குறித்துவைக்க ஓர் ஏடு வேண்டினேன், இன்னும் தரப்படவில்லை.