படங்களைக் காப்பாற்ற ஒரு வயர் போதும்!

இன்று செல்போன் இல்லாத வீடு அபூர்வம். கேமராவும் அதிலேயே இருக்கிறது. குழந்தை தவழ்ந்தால் ஒரு படம். கோவிலுக்குப் போனால் பத்துப் படம். கல்யாணம் என்றால் நூறு படம்!

எடுப்பதோடு சரி. அவற்றைப் பத்திரப்படுத்த வேண்டும் என்ற எண்ணம் பலருக்கு வருவதில்லை.

போன் தண்ணீரில் விழுகிறது. பஸ்சில் திருட்டுப் போகிறது. வேறு போன் வாங்கி விடலாம். ஆனால், போன வருஷம் காலமான தாத்தாவை மறுபடியும் படம் எடுக்க முடியுமா?

"படங்களை ஏற்றி வைக்க எங்கள் வீட்டில் இன்டர்நெட் வசதி இல்லையே" என்று சிலர் சொல்லுவார்கள். இன்டர்நெட் வேண்டியதே இல்லை. ஒரு கம்ப்யூட்டரும், போனுக்குச் சார்ஜ் ஏற்றும் வயரும் இருந்தால் போதும். காலணாச் செலவு கிடையாது.

சுருங்கிப் போகும் படம்

ஒரு வீட்டில் தாத்தா இறந்து விடுகிறார். அவருடைய படத்தைப் பெரிதாக்கிச் சட்டம் போட மகள் விரும்புகிறாள். யாரோ வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்த படத்தை ஸ்டூடியோவுக்குக் கொண்டு போகிறாள்.

"பெரிசாப் போட்டா முகம் தெளிவா வராதும்மா. போன்லே எடுத்த அசல் படம் இருக்கா?" என்று கேட்கிறார் ஸ்டூடியோக்காரர்.

அசல் இருந்த போன்தான் உடைந்து போய் விட்டதே! அவள் என்ன செய்வாள்?

வாட்ஸ்அப்பில் சாதாரணமாக ஒரு படத்தை அனுப்பினால், அது சுருக்கப்படுகிறது. சீக்கிரம் போய்ச் சேருவதற்காக அந்த ஏற்பாடு. போன் திரையில் வித்தியாசம் தெரியாது. பெரிதாக்கும்போதுதான் குட்டு வெளிப்படும்.

12 மெகாபிக்சல் படம் என்றால், அதில் 1 கோடியே 20 லட்சம் புள்ளிகள் இருக்கின்றன. 13 அங்குல நீளம், 10 அங்குல அகலத்துக்குத் தெளிவாக அச்சிடலாம். சுருங்கிய படத்தில் அந்தப் புள்ளிகள் குறைந்து விடும். குறைந்தது குறைந்ததுதான். வயர் வழியாகக் காப்பி செய்தால், இப்படிச் சுருங்குவதில்லை.

எப்படி மாற்றுவது?

வயரின் ஒரு முனையைக் கம்ப்யூட்டரிலும், இன்னொரு முனையைப் போனிலும் சொருக வேண்டும். போனின் பூட்டைத் திறந்து வைக்க வேண்டும்.

ஆண்ட்ராய்டு போன் முதலில் சார்ஜ் மட்டும்தான் ஏற்றும். திரையின் மேலிருந்து விரலால் கீழே இழுத்தால், யு.எஸ்.பி. என்று ஓர் அறிவிப்பு தெரியும். அதைத் தொட்டு, 'பைல் டிரான்ஸ்பர்' என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஐபோன், "இந்தக் கம்ப்யூட்டரை நம்பலாமா?" என்று கேட்கும். 'டிரஸ்ட்' என்பதைத் தொட வேண்டும்.

பிறகு விண்டோஸ் கம்ப்யூட்டரில் 'திஸ் பி.சி.' என்ற இடத்தைத் திறந்தால், போனின் பெயர் தெரியும். உள்ளே போனால் 'டி.சி.ஐ.எம்.' என்று ஒரு போல்டர் இருக்கும். போனில் எடுத்த படங்கள் அதற்குள்தான் இருக்கின்றன. அவற்றைக் காப்பி செய்து, கம்ப்யூட்டரில் ஒட்ட வேண்டும்.

'கட்' செய்ய வேண்டாம். பாதியில் வயர் கழன்று கொண்டால் வம்பு! முதலில் காப்பி செய்யுங்கள். படங்கள் சரியாக வந்திருக்கின்றனவா என்று திறந்து பாருங்கள். அதன் பிறகே போனில் இருப்பதை அழிக்கலாம்.

கம்ப்யூட்டரில் ஒன்றுமே தெரியவில்லையா? வயரை மாற்றிப் பாருங்கள். சாதாரண யு.எஸ்.பி. வயருக்குள் 4 கம்பிகள் உண்டு. 2 கம்பிகள் மின்சாரத்துக்கு. 2 கம்பிகள் தகவலுக்கு. மலிவான சில வயர்களில் மின்சாரக் கம்பிகள் மட்டுமே இருக்கும். அவை சார்ஜ் ஏற்றும். படத்தைக் கொண்டு போகாது.

பெரிய திரையில் திருத்தலாம்

இருட்டான முகத்தை வெளிச்சமாக்க வேண்டுமா? ஓரத்தில் நிற்கும் ஆளை வெட்ட வேண்டுமா? கம்ப்யூட்டரில் சௌகரியமாகச் செய்யலாம். 'கிம்ப்' என்ற புரோகிராம் இலவசமாகக் கிடைக்கிறது. 1996-ல் முதலில் வெளிவந்தது. தெரிந்தவர் ஒருவர் பென்டிரைவில் கொண்டு வந்து கொடுத்தால் போதும். ஒரு தடவை கம்ப்யூட்டரில் ஏற்றி விட்டால், பிறகு இன்டர்நெட் இல்லாமலே வேலை செய்யும்.

ஒன்று மட்டும் நினைவில் இருக்கட்டும். அசல் படத்தில் கை வைக்கக்கூடாது. அதற்கு ஒரு பிரதி எடுத்து, பிரதியைத்தான் திருத்த வேண்டும்.

யாருடைய கம்ப்யூட்டர்?

முன்பின் தெரியாதவர்களின் கம்ப்யூட்டரில் போனைச் சொருகுவது ஆபத்து. பைல் டிரான்ஸ்பருக்கு வழி திறந்து விட்டால், வீட்டுப் பெண்களின் படம், பாங்கி பாஸ்புத்தகப் படம் எல்லாம் அவர்கள் கைக்குப் போய் விடலாம். சொந்தக்காரர் வீட்டுக் கம்ப்யூட்டரே மேல்.

தமிழ்நாட்டில் 2011-ல் அரசு இலவச லேப்டாப் திட்டத்தைத் தொடங்கியது. லட்சக்கணக்கான மாணவர்கள் அதில் லேப்டாப் பெற்றார்கள். அது பழையதாகி மூலையில் கிடக்கலாம். ஓடினால் போதும், இந்த வேலைக்கு அது தாராளம்!

இரண்டு இடத்தில் இருக்கட்டும்

2015 டிசம்பரில் சென்னையில் வெள்ளம் புகுந்தபோது, வீடுகளில் இருந்த கல்யாண ஆல்பங்கள் ஊறிப் பாழாயின. கம்ப்யூட்டரும் பழுதாகக்கூடிய பொருள்தான். ஆகவே பென்டிரைவிலும் ஒரு பிரதி எடுத்து, வேறு வீட்டில் வைப்பது நல்லது.

இன்டர்நெட்டில் ஏற்றுவது கூடாது என்பதில்லை. ஆனால் அதை மட்டும் நம்பக்கூடாது. கூகுள் இலவசமாகத் தருவது 15 ஜி.பி. இடம். 2021 ஜூன் முதல், புதிதாக ஏற்றும் படங்களும் அந்தக் கணக்கில்தான் சேருகின்றன. இடம் நிறைந்து விட்டால் புதுப்படம் ஏறாது. பாஸ்வேர்டு மறந்து போனால், படம் இருந்தும் பயன் இல்லை.

இந்த வேலையைப் பிள்ளைகள் தலையில் மட்டும் கட்டி விடுவது சரியல்ல. அவர்கள் படிக்கவும் வேலைக்கும் வெளியூர் போய் விடுவார்கள். தாய்மார்களும் இதைக் கற்றுக்கொள்ள வேண்டும். மிக்சி போடத் தெரிந்தவர்களுக்கு இது பெரிய வித்தை அல்ல. இரண்டு தடவை செய்து பார்த்தால் கை பழகி விடும்.

மாதத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை, அரை மணி நேரம் ஒதுக்குங்கள். நாளைக்குப் பேரக்குழந்தை வந்து, "கொள்ளுத் தாத்தா எப்படி இருப்பார்?" என்று கேட்கும். அப்போது காட்டுவதற்குத் தெளிவான ஒரு முகம் வீட்டில் இருக்க வேண்டாமா?