ஓய்வுபெற்ற ஆசிரியர்களே, கொஞ்சம் விக்கிப் பக்கமும் வாருங்கள்

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமை இருப்பவர்கள் படியுங்கள்.

ஓய்வுபெற்ற ஆசிரியர்களின் வாட்ஸ்அப் குழுக்கள் மூன்றில் நான் இருக்கிறேன். காலையில் பூங்கொத்து, சாமி படம், வெந்தயத்தின் 14 பயன்கள். மத்தியானம் பென்ஷன் செய்தி, அதில் பாதி பழையது. முப்பது, முப்பத்தைந்து வருஷம் கரும்பலகை முன்னால் நின்றவர்கள் நாம். "எங்கே படிச்சே? யார் சொன்னது?" என்று பிள்ளைகளைக் கேட்டே பழகியவர்கள். கைபேசி வந்ததும் அந்தக் கேள்வியை மட்டும் பள்ளிக்கூடத்திலேயே விட்டுவிட்டு வந்துவிட்டோம். ஃபார்வர்டு செய்யத் தெரிந்துவிட்டால் இணையம் கற்றுக்கொண்டதாக நினைக்கிறோம். எழுதக் கற்றால்தான் அது கற்றது என்பது என் கருத்து. அதற்கு விக்கிப்பீடியாவைவிட நல்ல பள்ளிக்கூடம் எனக்குத் தெரிந்து இல்லை.

சானமாவில் இருப்பவனுக்கு இது பொழுதுபோக்கு விஷயம் கிடையாது. ராகி கதிர் முற்றும் பருவத்தில் கர்நாடகத்தின் பன்னேர்கட்டா பக்கமிருந்து ஜவளகிரி, தளி வழியாக யானைக் கூட்டம் வரும். சானமாவுக் காட்டில் பகலில் தங்கி, இரவில் சுற்றிலும் உள்ள வயல்களில் இறங்கும். போடூர்பள்ளம், ஆழியாளம், ராமாபுரம், பீர்ஜேப்பள்ளி ஜனங்களுக்கு அந்த மாதங்களில் சரியான தூக்கம் ஏது? யானை எந்தப் பக்கம் நிற்கிறது என்று தெரிந்துகொள்ள இப்போது எல்லோரும் பார்ப்பது வாட்ஸ்அப்பைத்தான். அதில் ஒரு வீடியோ வரும். தேதி இருக்காது. "இப்போது ராயக்கோட்டை ரோட்டில்" என்று கீழே எழுதியிருக்கும். உற்றுப் பார்த்தால் போன வருஷத்துப் படமாக இருக்கும், இல்லை அசாமில் எடுத்ததாக இருக்கும். அதை நம்பி ஒருவர் காவலுக்குப் போகாமல் இருந்தால், வேறு வழியாக வந்த கூட்டம் அவர் ராகியைத் தின்று மிதித்துவிட்டுப் போய்விடும். நாலு தடவை ஏமாந்தவர் ஐந்தாம் தடவை வரும் உண்மையான எச்சரிக்கையையும் தள்ளிவிட்டு டார்ச்சை எடுத்துக்கொண்டு வயலுக்குப் போவார். எனக்குப் பயம் அதுதான்.

வதந்தி என்ன செய்யும் என்று 2018 மே மாதத்திலேயே பார்த்துவிட்டோம். குழந்தை கடத்தும் கும்பல் வந்திருக்கிறது என்று வாட்ஸ்அப்பில் பரவியது. போளூர் பக்கத்தில் கோயிலுக்கு வந்த 65 வயது அம்மாவை ஊரே சேர்ந்து அடித்துக் கொன்றது. அதே மாதம் பெங்களூரு சாம்ராஜ்பேட்டையில் ராஜஸ்தானிலிருந்து பிழைக்க வந்த ஓர் இளைஞரையும் அடித்துக் கொன்றார்கள். நம் ஓசூரிலிருந்து ஒன்றரை மணி நேரப் பயணம். அந்த ஜூலையில்தான் இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் 5 உரையாடல்களுக்கு மேல் ஃபார்வர்டு செய்ய முடியாதபடி வாட்ஸ்அப் மாற்றியது. ஐந்து பேருக்கு அனுப்புகிறவரிடம் "யார் சொன்னது" என்று அந்த மாற்றம் கேட்கவில்லையே.

விக்கி கேட்கிறது. விக்கி என்பது ஹவாய் மொழிச் சொல், சீக்கிரம் என்று அர்த்தம். யார் வேண்டுமானாலும் திருத்தக்கூடிய இணையப் பக்கங்களுக்கு 1995-ல் வார்டு கன்னிங்காம் வைத்த பெயர். 2001-ல் ஆங்கில விக்கிப்பீடியா வந்தது, 2003-ல் தமிழ். தமிழில் தொடக்கத்திலிருந்து இழுத்துச் சென்ற மயூரநாதன் ஈழத்தவர், தொழிலால் கட்டடக் கலைஞர். யாரும் சம்பளம் கொடுக்காமல் இப்படிப்பட்டவர்கள் எழுதி எழுதியே 2017-ல் கட்டுரைகள் ஒரு லட்சத்தைத் தாண்டின.

எனக்குக் கணினிப் படிப்பு எதுவும் கிடையாது. அந்தக் காலத்து ஆசிரியர் பயிற்சிப் பட்டயம், அவ்வளவுதான். 61 வயதில் சிப்காட்டில் வேலை செய்யும் பழைய மாணவன் ஒருவன்தான் கைபேசியில் தமிழ் விசைப்பலகை போட்டுக் கொடுத்தான். "பேசினாலே எழுதும் சார்" என்று அதையும் காட்டினான். நம் எல்லைத் தமிழ் அதற்குப் பிடிபடவில்லை. ராகி என்றால் ராக்கி என்று எழுதியது. விரலாலேயே பழகிக்கொண்டேன். விக்கியில் எழுதிப் பழக ஒரு பக்கம் இருக்கிறது, அதற்குப் பெயர் மணல்தொட்டி. நம் தாத்தாக்கள் திண்ணைப் பள்ளியில் மணலில் விரல் வைத்து எழுதியது ஞாபகம் வரவில்லையா? எல்லோரும் கூடிப் பேசும் பக்கத்துக்கு ஆலமரத்தடி என்று பெயர். பெயர் வைத்தவர்களுக்கு ஒரு கும்பிடு.

"பசங்க விக்கியைப் பார்த்துக் காப்பியடிக்கிறாங்க, அது நம்பத் தகுந்ததே இல்லை" என்று நம் ஆசிரியர்களே சொல்வார்கள். கட்டுரைக்கு மேலே 'வரலாறு' என்று இருப்பதை அவர்கள் தொட்டுப் பார்த்திருக்க மாட்டார்கள். எந்தத் தேதியில், எந்தப் பெயரில் வந்தவர், எந்த வரியை மாற்றினார் என்று எல்லாம் அதில் இருக்கும். ஏன் மாற்றினார் என்ற சண்டை பேச்சுப் பக்கத்தில் நடக்கும். நம் பாடப்புத்தகத்தில் இதைப் பார்க்க முடியுமா? எட்டாம் வகுப்புப் பிள்ளையிடம் ஒரு கட்டுரையைக் கொடுத்து, "சான்று இல்லாத வரி ஒன்றைக் கண்டுபிடி, நூலகத்தில் அதற்குச் சான்று தேடு" என்று சொல்லுங்கள். காப்பியடிக்க அங்கே என்ன இருக்கிறது?

இன்னொன்று. நம் வகுப்பில் வீட்டில் தெலுங்கு பேசும் பிள்ளை, கன்னடம் பேசும் பிள்ளை, தமிழ் பேசும் பிள்ளை மூன்றும் ஒரே பெஞ்சில் இருக்கும். கேழ்வரகு என்ற தமிழ்க் கட்டுரையிலிருந்து ஒரே தொடுதலில் கன்னடத்துக்கும் தெலுங்குக்கும் போகலாம். என் பணிக்காலத்தில் இது இல்லையே என்று ஏக்கமாக இருக்கிறது.

குறையும் உண்டு, மறைக்க மாட்டேன். ராகிக்கும் யானைக்கும் பற்றி நான் சேர்த்த ஒரு வரிக்கு யாரோ சான்று கேட்டிருந்தார். நாற்பது வருஷமாகக் கண்ணால் பார்த்தது, அதற்கு எந்தப் புத்தகத்தைக் காட்டுவது? நம்பத் தகுந்த இடத்தில் வெளியானதைத்தான் விக்கி ஏற்கும். விதி சரிதான், இல்லாவிட்டால் வெந்தயத்தின் 14 பயன்களும் உள்ளே வந்துவிடும். ஆனால் அந்த விதியால் நம் ஊர்க்காரர்களின் அறிவில் பெரும்பங்கு வெளியே நின்றுவிடுகிறது. சானமாவு என்று இணையத்தில் தேடினால் யானைச் செய்திகள்தான் வரிசையாக வருகின்றன. இந்த ஊரில் மனிதர்கள் என்ன விதைக்கிறார்கள், எந்த ஏரி எப்போது நிறையும் என்பதெல்லாம் யாரும் எழுதவில்லை.

அதற்குத்தான் வலைப்பூ. 2004-ல் தமிழ்மணம் என்ற திரட்டி வந்த பிறகு தமிழில் வலைப்பூக்கள் எப்படிப் பெருகின என்று அப்போது படித்தவர்களுக்குத் தெரியும். பிறகு எல்லோரும் ஃபேஸ்புக்குக்கு வந்துவிட்டோம். இங்கே எழுதுவது இரண்டு நாளில் கீழே போய்விடும், தேடினால் கிடைக்காது. வலைப்பூவில் தேதியோடு நிற்கும். ஊர்ப் பெரியவர் சொன்னதை அவர் பெயர், சொன்ன நாள், உங்கள் பெயர் மூன்றும் போட்டு எழுதி வையுங்கள். நாளைக்கு ஓர் ஆய்வாளர் அதைப் பார்த்து நேரில் வந்து கேட்டு அச்சில் கொண்டுவரலாம். (இந்தப் பதிவையும் என் வலைப்பூவில் போட்டுவிட்டேன்.)

2017-ல் அரசே ஆசிரியர்களுக்கு மாவட்டந்தோறும் விக்கிப் பயிற்சி கொடுத்தது. நல்ல காரியம். ஆனால் ஒரு தடவை சொல்லிக் கொடுத்துவிட்டு விட்டால் எந்தப் பாடமும் நிற்காது, இது நமக்கே தெரியும். பணியில் இருப்பவர்களைக் குறை சொல்ல மனமில்லை. வருகைப்பதிவிலிருந்து எல்லாவற்றையும் செயலியில் ஏற்றவே அவர்களுக்கு நேரம் போதவில்லை. நேரம் இருப்பது நமக்குத்தான்.

மல்லச்சந்திரம் கல்திட்டைகளை எத்தனை பேர் போய்ப் பார்த்திருக்கிறோம்? நம் மாவட்டத்தில் நடுகல் இல்லாத திசையே கிடையாது. நீங்களே எடுத்த படம் ஒன்றைப் பொதுவகத்தில் ஏற்றினால் உலகத்தில் யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம். எடுத்த தேதியையும் இடத்தையும் மறக்காமல் எழுதுங்கள்.

உத்தனப்பள்ளி, ராயக்கோட்டை, சூளகிரி பக்கம் இருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் யாராவது கற்றுக்கொள்ள நினைத்தால் ஞாயிறு காலை பத்து மணிக்கு என் வீட்டுத் திண்ணைக்கு வரலாம். உள்பெட்டியில் ஒரு வரி போட்டுவிட்டு வாருங்கள். காபி உண்டு. சார்ஜர் மட்டும் கொண்டு வந்துவிடுங்கள், என்னிடம் ஒன்றுதான் இருக்கிறது.