கடைசிப் படி

வாணிபம் என்றாலே ஒருவன் தலையில் மற்றவன் கை வைப்பது என்று உரைப்போர் உளர். "இருவரும் இசைந்து செய்த பேரத்தில் குறைகாண நீ யார்?" என்று சீறுவோரும் உளர். இவ்விரு சாராரையும் குடந்தைக் கடைத்தெருவுக்கு அழைத்து வாருங்கள், தோழர்களே!

நாச்சியார்கோவில் கம்மாளர் பட்டறையில் பித்தளைக் குத்துவிளக்குகள் வரிசையாய் நிற்கின்றன. வார்த்தவருக்கு அவற்றுள் ஒன்றோ இரண்டோ வீட்டுக்கு வேண்டும். பத்தாவது விளக்கு அவர் பசியைத் தீர்க்குமா? அரிசிலாற்றங்கரை உழவரின் பத்தாயத்திலோ நெல் நிறைந்திருக்கிறது. முதற் கலம் உயிர் காக்கும், அடுத்தது விதைக்கு, அதற்கடுத்தது விருந்துக்கு, அறுபதாவது கலம் எலிக்கு! ஆகவே விளக்கு அங்கும் நெல் இங்கும் இடம் மாறுகின்றன. புதிதாக ஒரு மணி நெல்லும் விளையவில்லை. ஆயினும் இரு வீடும் முன்னினும் நிறைவடைந்தன. ஈடுக்கு ஈடு என்று இருவரும் கருதியிருந்தால் சுமந்து வந்திருக்கவே மாட்டார்கள்! இருவர் மதிப்பும் வேறுபட்டதனாலேயே பேரம் பிறந்தது. 1871-ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் ஜெவோன்சும் வியன்னாவின் மெங்கரும், ஒருவரையொருவர் அறியாமலே, இதனை நூலாக்கினர். இறுதிநிலைப் பயன்பாடு என்கின்றன நம் பாடநூல்கள். ஒரு பொருளின் மதிப்பை முதற்படி நிறுவுவதில்லை, கடைசிப்படியே நிறுவுகிறது.

சரி, இருவருக்கும் ஆதாயம். எவ்வளவு எவருக்கு? இங்கேதான் இசைவுவாதிகள் வாய்மூடுகின்றனர்.

பண்ணையாளும் பேரம் பேசுபவனே. அவன் விற்பது உழைப்பு, பெறுவது நெற்கூலி. மிராசுதாரின் ஆயிரமாவது கலத்தில் ஒரு படி குறைந்தால் அவருக்குத் தெரியவும் தெரியாது. குடிசையில் அதே படி அன்றைய அடுப்பை எரியச் செய்யும். வேலை இல்லாததைவிடச் சிறு கூலியும் மேல் என்பதால் அவன் இசைகிறான். அவனும் ஆதாயமடைந்தான் என்று கணக்கு எழுதலாம், பொய்யில்லை. ஆனால் ஆதாயத்தைப் பங்கிடுவது நீதியன்று, காத்திருக்கும் வலிமை! நிறைந்த பத்தாயம் காத்திருக்கும். வெறும் வயிறு காத்திராது.

இருவர் உள்ளத்துப் பயனை ஒப்பிட அறிவியலில் அளவுகோல் இல்லை என்று 1932-இல் இராபின்சு எழுதினார். ஏட்டளவில் சரியே. பட்டினியை அளக்க மரக்கால் கேட்பவர் காவிரிக்கரையில் ஒரு பஞ்சமாதம் குடியிருந்து பார்க்கட்டும்!

அறுவடை நாளில் மட்டும் நிலை மாறும். முற்றிய கதிர் உதிரும். அன்று காத்திருக்க இயலாதவர் நிலவுடைமையாளரே. ஆகவேதான் உழவுத் தொழிலாளர் சங்கங்கள் அன்று கூலி உயர்வு கேட்டன. ஆகவேதான் வெளியூர் ஆட்கள் இறக்கப்பட்டனர். போட்டிக்கு ஆள் வந்தால் உள்ளூரானின் பேரவலிமை கரையும் என்பதை மெங்கரைப் படிக்காமலே பண்ணைகள் அறிந்திருந்தன. கீழத்தஞ்சையில் கூலியில் அரைப்படி நெல் கூட்டிக் கேட்ட பூசல், செங்கொடிச் சங்கத்தை விட மறுத்த பூசலோடு சேர்ந்து முற்றியது. 1968 டிசம்பர் 25 இரவு, கீழ்வெண்மணியில் ஒரே குடிசைக்குள் 44 பேர் எரிக்கப்பட்டனர். பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். அதன் பின்னரே கணபதியா பிள்ளை ஆணையம் அமைந்தது. 1969-இல் நியாயக் கூலிச் சட்டம் வந்தது. அறுவடைக் களத்தில் எவ்வளவு நெல் அளக்க வேண்டும் என்பதை அரசே எழுதி வைத்தது.