பூத்தபின் மடியும் குறிஞ்சி

பெங்களூரிலிருந்து விடியுமுன் புறப்பட்டால், ஏறத்தாழ 250 கிலோமீட்டர் கடந்து, கர்நாடகத்தின் மிக உயர்ந்த சிகரமான முள்ளய்யனகிரியில் ஏறி இரவுக்குள் வீடு திரும்பிவிடலாம். 2022 செப்டம்பரில் சிக்கமகளூரு மலைகளில் நீலக்குறிஞ்சி பூத்தபோது பெருங்கூட்டம் செய்தது இதுவே.

12 ஆண்டுகளுக்கு ஒருமுறை பூக்கும் என்ற செய்திதான் எல்லோரையும் இழுக்கிறது. அதன் மறுபாதி அரிதாகவே பேசப்படுகிறது. அச்செடி வாழ்நாளில் ஒரே முறை பூத்து, விதை சிந்தி, மடிந்துவிடும். அடுத்த முறை பூப்பது அதே செடியன்று, அவ்விதையிலிருந்து முளைத்தது. ஆகவே தற்படத்துக்காக ஒடிக்கப்படும் ஒரு கொத்து, 12 ஆண்டுக் கணக்கு பொய்க்காவிடில், 2034இல் பூத்திருக்கவேண்டிய சில செடிகள்.

மலைநிலத்துக்கே ஒரு மலரின் பெயரைச் சூட்டிய மொழியைப் பேசுவோரும் அக்கூட்டத்தில் உண்டு (பெங்களூரில் தமிழரில்லாத கூட்டமேது!). திணை இலக்கணம் தெரிந்த கால்களும் செடியை மிதிக்கவே செய்கின்றன.

மலையை மூடுவது தீர்வாகாது. கண்ணால் காணாத மலருக்காக எவரும் பரிந்துபேசார். பறிப்பதைக் குற்றமாக்க வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது; மிதிப்பதை யார் கணக்கெடுப்பது? பூக்காலத்தில் நாளொன்றுக்கு இத்தனை பேர் என வரையறுத்து, நடைபாதையின் இருபுறமும் கயிறு கட்டவேண்டும். பூ வாடியதும் அதனை அவிழ்த்துவிடலாகாது. கூட்டம் கலைந்த பிறகுதான் காய் முற்றி விதை சிந்துகிறது.