சேமக்கலமும் மாணவர் அமைக்கும் மின்னேற்றச் சுற்றும்

சாந்திபுரம், குப்பம் முதலிய சித்தூர் மாவட்டத்து ஊர்களில், மக்கள் பாட்டரி என வழங்கும் சேமக்கலம் அன்றாடப் பொருளாகிவிட்டது. உழவரின் மருந்து தெளிப்பானிலும், டிராக்டரிலும், வீட்டு இன்வெர்ட்டரிலும் அது பணிபுரிகின்றது. அதற்கு மின்னேற்றும் சுற்று ஒன்றைத் தாமே அமைத்துப் பார்க்க மாணவர் விழைவது இயல்பே. அவ்விழைவை ஆபத்தென்று அடக்குவது தகாது. கண்காணிப்பின்றி விட்டுவிடுவதும் தகாது.

டிரான்சிஸ்டர் 1947 டிசம்பரில் அமெரிக்க நாட்டுப் பெல் ஆய்வுக்கூடத்தில் பிறந்தது. அதன் பொருட்டு ஷாக்லி, பார்டீன், பிராட்டெய்ன் ஆகிய மூவருக்கும் 1956இல் நோபல் பரிசு கிடைத்தது. சாந்திபுரத்திற்கு அண்மையிலுள்ள பெங்களூரில் 1954இல் நிறுவப்பெற்ற பாரத் எலெக்ட்ரானிக்ஸ், 1960களிலேயே டிரான்சிஸ்டர்களை உற்பத்தி செய்தது. ஆகவே இக்கருவி இப்பகுதிக்குப் புதியதன்று. புதிதாகக் கற்க வேண்டுவது அதனை ஆளும் முறையே.

மின்னேற்றம் என்பது மின்சாரத்தைச் செலுத்துவது மட்டுமன்று. உரிய வேளையில் நிறுத்துவதுமாகும். தெளிப்பானில் அமையும் 12 வோல்ட், 8 ஆம்பியர்-மணி ஈய-அமிலச் சேமக்கலத்தை எடுத்துக்கொள்வோம். அதன் கொள்ளளவில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 0.8 ஆம்பியர், பாதுகாப்பான மின்னோட்டம். 25 பாகை செல்சியஸில் ஏறத்தாழ 14.4 வோல்ட் அதன் மேல் எல்லை. அதற்கு மேல் தொடர்ந்து செலுத்தினால் நீர் பிரிந்து ஹைட்ரஜன் வாயு வெளிப்படும். காற்றில் அது நூற்றுக்கு 4 பங்கு சேர்ந்தாலே ஒரு பொறியில் வெடிக்கக் கூடும்.

இங்கே ஒரு நுட்பம் கவனிக்கத்தக்கது. வெப்பம் ஒரு பாகை உயருந்தோறும் இந்த எல்லை செல் ஒன்றுக்கு ஏறத்தாழ 4 மில்லிவோல்ட் குறைதல் வேண்டும். கோடையில் 40 பாகை வெப்பத்தில், ஆறு செல்களுக்கும் சேர்த்து 0.36 வோல்ட் குறைந்து, எல்லை 14 வோல்ட்டை ஒட்டி நிற்கும். ஆனால் 15 வோல்ட் செனர் டையோடும் ஒரு சிலிக்கன் டிரான்சிஸ்டரும் கொண்ட எளிய சுற்றோ நேர்மாறாக நடக்கிறது. சூடேறுந்தோறும் அதன் வெளியீடு உயர்கின்றது. காலை வகுப்பில் சரியாக அளவு காட்டிய சுற்று, பிற்பகல் வெயிலில் சேமக்கலத்தைக் கெடுப்பது இதனால்தான். படத்தைப் பார்த்து இணைத்த மாணவன் இதனை அறியான். வெப்பமானியும் வோல்ட்மானியும் கொண்டு அளந்தவனே அறிவான்.

எனவே ஆசிரியர்கள் சில வரையறைகளை வகுத்துக்கொள்வது நலம். மின்மாற்றியின்றி 230 வோல்ட் இணைப்பிலிருந்து நேரே மின்னேற்றும் சுற்றுகளை அறவே விலக்க வேண்டும். அவை உயிரைப் பறிப்பவை. லித்தியம் மின்கலங்கள் இச்சோதனைக்கு உரியவையல்ல. மிகை மின்னேற்றத்தால் அவை தீப்பற்றக் கூடும். 18 வோல்ட்டிலிருந்து 12 வோல்ட் சேமக்கலத்திற்கு 0.8 ஆம்பியர் செல்லும்போது, டிரான்சிஸ்டரில் 4.8 வாட் வெப்பமாகின்றது. ஆதலின் வெப்பந்தணிக்கும் உலோகத் தகடு இன்றியமையாதது. டிரான்சிஸ்டர் கெடும்போது பெரும்பாலும் மின்னோட்டத்தைத் தடுக்கும் ஆற்றலை இழந்துவிடுகின்றது. ஆகையால் உருகி பொருத்துவதுடன், சுற்றை இரவில் ஆளின்றி விட்டுச்செல்லலாகாது. முதற்சோதனையும் மின்தடையைக் கொண்டே நடைபெற வேண்டும்.

கடையில் நல்ல மின்னேற்றி கிடைக்கும்போது இம்முயற்சி எதற்கு என்று சிலர் வினவலாம். உழவரின் சேமக்கலத்திற்குக் கடை மின்னேற்றியே ஏற்றது. பள்ளிச் சுற்றின் பயன் வேறு. மணிதோறும் வோல்ட்டும் ஆம்பியரும் வெப்பமும் குறித்துவைத்த மாணவன், தன் வீட்டுச் சேமக்கலம் ஏன் ஓராண்டிலேயே பழுதுற்றது என்று கேட்கவும் விடை காணவும் வல்லவனாவான். அத்திறன் கடையில் கிடைப்பதன்று. அதனை அளிக்கும் பொறுப்பு ஆசிரியரையும் களப்பணியாளரையும் சார்ந்தது.