கிள்ளை தர்காவும் கிரிக்கெட் டீமும் - கொஞ்சம் உளவியல்

உளவியல் என்றதும் பலருக்கு ஞாபகம் வருவது மனநல மருத்துவமனை. இல்லையென்றால் பஸ் ஸ்டாண்ட் கடையில் தொங்கும் தன்னம்பிக்கைப் புத்தகம். இந்த இரண்டுக்கும் நடுவே பெரிய பகுதி ஒன்று இருக்கிறது. ஒரு கூட்டத்து ஆள் இன்னொரு கூட்டத்து ஆளோடு எப்படிப் பழகுகிறான், எப்போது நம்புகிறான், எப்போது கல்லை எடுக்கிறான் என்பதெல்லாம் அதில்தான் வரும். இதைப் பார்க்க அமெரிக்கா வரை போக வேண்டாம், சிதம்பரத்துக்குக் கிழக்கே கிள்ளை வரை போனாலே போதும்.

ஒவ்வொரு வருடமும் மாசி மகத்தன்று ஸ்ரீமுஷ்ணம் பூவராக சுவாமி தீர்த்தவாரிக்காகக் கிள்ளைக் கடற்கரைக்கு வருவார். வழியில் கிள்ளை தர்கா. அங்கே முஸ்லிம்கள் சுவாமியை வரவேற்று மரியாதை செய்கிறார்கள். கோயில் தரப்பிலிருந்து தர்காவுக்கும் பதில் மரியாதை உண்டு. அந்தக் காலத்தில் இந்து தாசில்தார் ஒருவர் தர்காவுக்கு நிலம் கொடுத்தார், அந்த நன்றிக்காகத்தான் இந்த வழக்கம் என்று சொல்வார்கள். டிவியில் அரை நிமிடம் "மத நல்லிணக்கம்" என்று காட்டிவிட்டு அடுத்த செய்திக்குப் போய்விடுவார்கள். ஆனால் உளவியல் படிக்கிறவர்கள் அந்த அரை நிமிடத்தில் நின்று பார்க்க வேண்டும்.

கார்டன் ஆல்போர்ட் என்ற அமெரிக்க உளவியலாளர் 1954-ல் தப்பெண்ணம் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். இரண்டு கூட்டத்தார் சும்மா சந்தித்துக்கொண்டால் மட்டும் வெறுப்பு போய்விடாது, அந்தச் சந்திப்புக்குச் சில நிபந்தனைகள் வேண்டும் என்றார். இருவரும் சம மதிப்போடு நிற்க வேண்டும். ஒரே நோக்கம் இருக்க வேண்டும். அதை ஒருவரை ஒருவர் தோற்கடித்து அடையாமல் சேர்ந்து அடைய வேண்டும். பெரியவர்கள், சட்டம், வழக்கம் ஏதாவது ஒன்றின் ஆதரவும் வேண்டும். இப்போது கிள்ளைக்கு வாருங்கள். தர்காக்காரர்கள் அன்று வேடிக்கை பார்ப்பவர்கள் இல்லை, வீட்டுக்காரர்கள், சுவாமி விருந்தாளி. ஊர்வலம் நல்லபடியாக நடக்க வேண்டும் என்பது இரண்டு தரப்புக்கும் ஒரே கவலை. முன்னின்று நடத்துவது இரண்டு பக்கத்துப் பெரியவர்கள். ஆல்போர்ட் சொன்ன நான்கும் இருக்கிறது! அவர் புத்தகத்தை யாரும் படித்துவிட்டுச் செய்யவில்லை என்பதுதான் அழகு.

2004 டிசம்பர் 26 சுனாமியிலும் இதே பக்கத்தில் இதைப் பார்க்க முடிந்தது. பாதிக்கப்பட்ட மீனவக் குடும்பங்களுக்குப் பரங்கிப்பேட்டை ஜமாஅத்தார் சமைத்துப் போட்டார்கள். ஆபத்து வந்தால் எல்லோரும் ஒன்றாகிவிடுவார்கள் என்று சிலர் சொல்வதுண்டு. அப்படி இல்லை. ஆபத்து வந்தபோது சோறு கேட்கவும் கொடுக்கவும் முன்பே பழக்கம் இருந்ததா என்பதுதான் கேள்வி.

சரி, இதில் கிரிக்கெட் எங்கே வந்தது?

பொங்கல் வந்தால் ஊருக்கு ஊர் டோர்னமென்ட். பெரும்பாலும் தெருவுக்கு ஒரு டீம். தமிழ்நாட்டில் தெரு என்றால் என்ன அர்த்தம் என்று எல்லோருக்கும் தெரியும், இங்கே எழுத வேண்டியதில்லை. "விளையாட்டு ஒற்றுமையை வளர்க்கும்" என்று மைக்கில் பேசிவிட்டு, இரண்டு சாதிகளை எதிரெதிரே நிறுத்தி டாஸ் போடுகிறோம்! அப்புறம் ஒரு ரன் அவுட் தகராறு ராத்திரி வரை போனால் ஆச்சரியம் எதற்கு?

ஆல்போர்ட் எழுதிய அதே 1954-ல் முசாபர் ஷெரீப் என்பவர் ஒக்லஹோமாவில் 22 சிறுவர்களை இரண்டு அணியாகப் பிரித்து முகாமில் வைத்தார். பேஸ்பால், கயிறு இழுத்தல் என்று போட்டி வைத்ததுமே பகை வந்தது. ஒன்றாகச் சாப்பிட உட்கார வைத்தார், சாப்பாட்டைத்தான் எறிந்துகொண்டார்கள். தண்ணீர்க் குழாய் வேலை செய்யவில்லை, எல்லோரும் சேர்ந்துதான் சரி செய்ய வேண்டும் என்ற நிலை வந்த பிறகே பகை குறைந்தது. (இந்த ஆய்வின் மேல் விமர்சனங்கள் உண்டு. முந்தைய வருடம் 1953-ல் இதையே வேறு முகாமில் முயன்றபோது, பையன்கள் பிரிப்பதற்கு முன்பே நண்பர்களாகிவிட்டதால் சண்டை போட மறுத்துவிட்டார்கள். ஷெரீப்புக்கு அது தோல்வி. ஒரு ஊருக்கு அதுதான் நல்ல செய்தி.)

அமெரிக்கச் சிறுவர்கள் கதை வேண்டாம் என்றால் நம் நாட்டுக் கணக்கே இருக்கிறது. மேட் லோ என்ற பொருளாதார ஆய்வாளர் உத்தரப் பிரதேசத்தில் பல சாதி இளைஞர்களை வைத்து கிரிக்கெட் லீக் நடத்தினார். ஆய்வு 2021-ல் வெளியானது. சில டீம்கள் ஒரே சாதி, சில கலந்தவை, எல்லாம் குலுக்கல் முறையில். கலந்த டீமில் ஆடியவர்களுக்கு வேறு சாதி நண்பர்கள் அதிகமானார்கள். பொருட்களை மாற்றிக்கொள்ளும் வியாபாரச் சோதனையிலும் அவர்கள் நன்றாகச் செய்தார்கள். எதிரணியாக மட்டும் சந்தித்தவர்களிடம் அந்தப் பலன் இல்லை. ஒரே மைதானம், ஒரே பந்து, வித்தியாசம் யார் பக்கம் நிற்கிறான் என்பதில்தான்.

அந்த வியாபார விஷயம் சாதாரணமானது இல்லை. தொழில் தொடங்க நினைக்கும் இளைஞனுக்கு "ரிஸ்க் எடு, கனவு காண்" என்று சொல்லிக்கொண்டே இருக்கிறோம். பிச்சாவரத்துக்கு வரும் சுற்றுலாப் பயணிகளை நம்பி ஒருவன் கடை போட்டால் அவனுக்கு மீன் கொடுப்பவர், கடன் கொடுப்பவர், இடம் கொடுப்பவர் எல்லோரும் அவன் தெருவிலேயே இருப்பார்களா? அடுத்த தெருவில் போன் நம்பர் தெரிந்த நாலு பேர் இருப்பது ஒரு முதலீடு. அது வங்கியில் கிடைக்காது.

செல்போன் இந்தக் குறையைத் தீர்க்கும் என்று ஒரு காலத்தில் நம்பினார்கள். நடந்தது வேறு. வாட்ஸ்அப்பிலும் தெருவுக்கு ஒரு குரூப்தான். அடுத்த தெருக்காரனும் அடுத்த மதத்துக்காரனும் அதில் ஆளாக வருவதில்லை, பார்வர்டாக வருகிறார்கள். 2018 மே மாதம் திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே, குழந்தை கடத்த வந்தவர் என்ற வதந்தியால் ஒரு மூதாட்டி அடித்தே கொல்லப்பட்டார். அந்த வருடம் ஜூலையில்தான் இந்தியாவில் ஒரே நேரத்தில் ஐந்து பேருக்கு மேல் பார்வர்ட் செய்ய முடியாதபடி வாட்ஸ்அப் கட்டுப்பாடு கொண்டுவந்தது. கை அனுப்பும் வேகத்தைக் குறைத்தால் புத்திக்கு நேரம் கிடைக்கும் என்ற எளிய உளவியல் அது. நல்லதுதான். ஆனால் வதந்தியின் வேகம் குறையுமே தவிர, வதந்தியில் வரும் ஆளைத் தெரியாது என்ற நிலை மாறாது.

கலந்த டீம் எல்லாவற்றையும் மாற்றிவிடும் என்று சொன்னால் அதுவும் பொய். சல்மா மூசா ஈராக்கில் கிறிஸ்தவக் கால்பந்து அணிகளில் முஸ்லிம் வீரர்களைச் சேர்த்து ஆராய்ந்தார் (2020). ஒன்றாக ஆடியவர்கள் மாதங்கள் கழிந்தும் சேர்ந்து பயிற்சி செய்தார்கள். ஆனால் மைதானத்துக்கு வெளியே, முன்பின் தெரியாத முஸ்லிம்கள் விஷயத்தில் பெரிய மாற்றம் இல்லை. மாசி மகமும் அப்படித்தான், வருடத்தில் ஒரு நாள். இன்னொன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். மதத்தைத் தாண்டி மாலை போடுவதை விட சாதியைத் தாண்டி ஒரே பெஞ்சில் டீ குடிப்பது நம் ஊர்களில் கஷ்டம்.

"தெருப் பெருமை இல்லையென்றால் மேட்சில் என்ன சுவாரசியம்?" என்று கேட்பவர்கள் உண்டு. ராஞ்சிக்காரர் தோனிக்குச் சென்னை போட்ட விசிலைக் கேட்டவர்கள் இதைக் கேட்கலாமா? ஏலத்தில் எடுத்த டீமுக்கே இவ்வளவு வெறி வருகிறது.

ஆகவே வேண்டியது பெரிய திட்டம் ஒன்றும் இல்லை. அடுத்த பொங்கலுக்குக் கிள்ளையிலோ பக்கத்து ஊர் எதிலோ பெயர் கொடுத்த எல்லோரையும் சீட்டு எழுதிக் குலுக்கி டீம் பிரித்துப் பார்க்கலாம். கேப்டனும் சீட்டில்தான். பெரியவர்கள் நாலு தெருவிலிருந்தும் வந்து குலுக்க வேண்டும், ஆல்போர்ட் சொன்ன ஆதரவு அதுதான். எதிர்ப்பு வரும். பையன்களை விட முதலில் முகம் சுளிப்பவர் டி-ஷர்ட்டுக்குப் பணம் கொடுப்பவராக இருப்பார், எந்த டீமில் எந்தத் தலைவர் படம் போடுவது என்று அவருக்குத் தெரியாமல் போய்விடும்.